இரண்டு மின்வாய்கள், ஒரே பெயர்

ஒரு பெயர் இரண்டு பொருள்களுக்குப் பொதுவாகிவிட்டால், அவ்விரண்டும் ஒத்தவை என்ற எண்ணம் தானே எழுந்துவிடுகிறது. 'மின்வாய்' அத்தகைய பெயர். 1834இல் மைக்கேல் ஃபாரடே தம் மின்னாற்பகுப்பு ஆய்வுகளுக்குப் புதுச் சொற்களை நாடியபோது, ஆனோடு, கேதோடு என்னும் இணையைப் பரிந்துரைத்தவர் வில்லியம் ஹியூவெல். கிரேக்கத்தில் அவை ஏறுவழி, இறங்குவழி எனப் பொருள்படும். தமிழில் நேர்மின்வாய், எதிர்மின்வாய் ஆயின. வேறுபாடு முழுவதும் அடைமொழியில் அடங்கிவிட்டது.

மின்புலத்தால் காற்றை நகர்த்தும் கருவிக்கு இந்தப் பெயரீடு போதவில்லை. அதில் விசிறி கிடையாது. மெல்லிய கம்பி ஒன்றும், சற்றுத் தள்ளி விளிம்பு மழுங்கிய பருத்த தகடு ஒன்றும் உண்டு. பல்லாயிரம் வோல்ட் அளிக்கும்போது கம்பியருகே மின்புலம் செறிந்து காற்று அயனியாகிறது. கம்பியின் மின்குறியையே கொண்ட அயனிகள் தகட்டை நோக்கி விரைகின்றன; வழியில் நடுநிலை மூலக்கூறுகளோடு மோதி அவற்றையும் உந்திச் செல்கின்றன. அதுவே காற்றோட்டம்.

மின்னிணைப்பைத் தலைகீழாக்கினால் காற்றும் திசை மாறுமா? நேர், எதிர் என்று மட்டுமே கற்ற மாணவர் மாறும் என்பார். மாறாது. எக்குறியாயினும் காற்று கம்பியிலிருந்து தகட்டுக்கே வீசும். கம்பியையும் தகட்டையும் இடம் மாற்றினால்தான் திசை திரும்பும்.

வடிவமைப்பின் சிக்கலும் வடிவத்தில்தான் இருக்கிறது. கம்பி மெலிந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே அயனியாக்கம் தொடங்கும். ஆனால் எளிதில் அறும். தகட்டின் விளிம்பு கூர்மையானால் அங்கும் அயனிகள் பிறந்து எதிர்த்திசையில் பாய்ந்து உந்துவிசையைக் குறைக்கும். இடைவெளி மிகக் குறுகினால் தீப்பொறி தாவும். 2018இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்டீவன் பாரெட் குழுவினர் ஒரு விமானத்தைப் பற்றி அறிவித்தனர். 5 மீட்டர் இறக்கை, 2.45 கிலோ எடை, சுமார் 40,000 வோல்ட். முன்னே மெல்லிய கம்பிகள், பின்னே இறக்கை வடிவ ஏற்பிகள். சுழலும் உந்தி எதுவுமின்றி அது உள்ளரங்கில் ஏறத்தாழ 60 மீட்டர் பறந்தது.

மின்குறி பொருளற்றது என்பதில்லை. எதிர்மின் கம்பி பொதுவாக நேர்மின் கம்பியைவிட மிகுதியான ஓசோனை உண்டாக்கும். அறைக்குள் இயங்கும் காற்றுத் தூய்மிப்பானில் அது உடல்நலம் சார்ந்த வினா. எனினும், காற்று ஏன் வீசுகிறது என்பதற்கு அக்குறி விடையாகாது. வகுப்பறையில் முதலில் சொல்லத் தக்கவை உமிழி, ஏற்பி என்று செயலால் அமைந்த பெயர்களே. மின்வாய்க்கு வழங்கும் மற்றொரு சொல்லான 'மின்முனை' இங்கு மேலும் இடறும். இரண்டில் ஒன்றே முனை. மற்றது முனையாகாமல் இருப்பதால்தான் காற்று ஒரு திசையில் செல்கிறது.