அரை மணி நேரம் பொறுங்க சார்!

பி.காம். பாடத்தில் 'வாராக்கடன்' என்று ஒன்று உண்டு. இனி திரும்பாது என்று தெரிந்த பணத்தை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டுத் தலைமுழுகுவது. இப்போது நம் மேஜை டிராயரெல்லாம் வாராக்கடன்தான். முக்கியமாக, பட்டனை அமுக்கினால் முழிக்காத பழைய எம்பி3 பிளேயர்.

1979-ல் சோனி வாக்மேன் வந்தபோது இந்தத் தொல்லை குறைவு. பாடாவிட்டால் இரண்டு பென்டார்ச் செல்லை மாற்றினால் பாதி வியாதி தீர்ந்தது. பின்னால் வந்த பிளேயர்கள் பலவற்றில் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். கூப்பிட்டால் பதிலும் கிடையாது, காரணமும் கிடையாது. கவுண்டர் கிளார்க் தோற்றார்! 2022-ல் ஐபாடையே நிறுத்தியாகிவிட்டது. ரிப்பேருக்கு எங்கே போவது?

மாடி வீட்டு ரிடையர்டு சாருக்கும் இதே கேள்வி. ரிச்சி தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கிறார். "செல்போன்லயே பாட்டு கேட்கலாமே பெரியவரே" என்று அனுப்பிவிட்டார்களாம்.

"பாட்டு போனா போகட்டும் தம்பி. உள்ளே அவ குரல் இருக்கு" என்றார்.

மாமி தவறிப்போய் மூன்று வருஷம்.

வைத்தியம் இதுதான். முதலில் 'ஹோல்ட்' பட்டன். அது பூட்டியிருந்தால் பிளேயர் செத்ததுபோல் நடிக்கும். சார் வீட்டுப் பிளேயர் நடிக்கவில்லை. அடுத்து கேபிள், சார்ஜருக்கு முன்னால் அதை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் பொறுமை. வருஷக் கணக்கில் கிடந்த லித்தியம் பேட்டரி அடியோடு வற்றியிருக்கும். சார்ஜரில் மாட்டினாலும் கொஞ்ச நேரம் திரையில் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிஷத்தில் பிடுங்கிவிட்டு 'அவுட்' என்று சொல்வதுதான் பெரும்பாலோர் செய்வது. அரை மணி நேரமாவது விடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், பின்பக்கம் 'ரீசெட்' என்று குண்டூசித் துவாரம் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: பேட்டரி உப்பி, மூடி பிதுங்கியிருந்தால் சார்ஜ் போடக்கூடாது, குத்தவும் கூடாது. தீப்பிடிக்கும்.

மூடி பிதுங்கவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து ஜெம் கிளிப்பை நிமிர்த்தித் துவாரத்தில் குத்தினேன். திரையில் நீல வெளிச்சம்! பேட்டரிதான் சாகும், மெமரியில் ஏற்றியது அவ்வளவு சுலபத்தில் அழியாது. 'வாய்ஸ்' ஃபோல்டரில் ஒரே ஒரு பதிவு. 2012-ல் சார் தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அமுக்கியிருக்கிறார்.

பாட்டில்லை, கொஞ்சலில்லை. "அந்தக் கறுப்புக் குச்சியை நோண்டினது போதும். பால் பொங்குது, அடுப்பை அணைங்க!"

சார் சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினார். அடுப்பில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை போடு தம்பி" என்றார்.

போடுவதற்கு முன்னால் அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று எனக் காப்பி எடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முழித்துக்கொண்ட பிளேயர் மறுபடி எப்போது தூங்கும் என்று சொல்ல முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டிராயரைத் திறந்து பாருங்களேன். வாராக்கடன் சில சமயம் வட்டியோடு வரும்.