ரெண்டு மாங்கனி, ரெண்டு பாட்டில்

காரைக்கால்காரன்னு சொன்னதும் பக்கத்து மாவட்டத்து நண்பர்கள் முகத்துல ஒரு சிரிப்பு வரும். "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாடா"ங்கிற சிரிப்பு. தலைப்பைப் பார்த்துட்டு நீங்களும் அப்படிச் சிரிக்க வேண்டாம். இது அந்தப் பாட்டில் இல்லை :-)

பெரியப்பா பாரிஸ் பக்கத்துல இருக்கார். 1962 ஆகஸ்ட் 16-ல எங்க ஊரு சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும்னு நினைக்கறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கலை. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க, ஆனா பேசிக்கலை. புரியுதுல்ல?

ஊருக்கு வரும்போதெல்லாம் தம்பிக்கு ஒரு பாட்டில் கொண்டு வருவார். ஷப்லி. பிரான்ஸ்ல பர்கண்டியோட வடகோடி, ஷார்தொனே திராட்சை மட்டும்தான் அதுக்கு. (நாம ஷார்டனேன்னு சொன்னா பெரியப்பாவுக்குக் கோவம் வரும்.) அப்பா வாங்கி பீரோவுல வெச்சிடுவார். அப்புறம் போன்ல "குடிச்சியாடா?"ன்னு கேட்டா, "ம், நல்லாருந்துச்சு."

2016-ல அப்பா போனப்புறம் பீரோவைத் திறந்தா, அம்மா புடவைக்குப் பின்னாடி நாலு பாட்டில். ஒண்ணைக்கூடத் தொறக்கலை மனுஷன்.

போன தை மாசம் பெரியப்பா வந்தார். எண்பத்தஞ்சு வயசு, கையில கம்பு. ராத்திரி மாடியில உக்காந்துகிட்டு, "நான் குடுத்ததுல ஏதாவது மிச்சம் வெச்சிருக்கானா தம்பி? அவன் ஞாபகமா ஒரு வாய் குடிக்கலாம்"னார். "கடைசியா கொண்டு வந்தது ஒண்ணு இருக்கு பெரியப்பா"ன்னு வாயை விட்டுட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

ஒண்ணைத் தொறந்தேன். டீத்தண்ணி நிறம். வெட்டி வெச்சு மறந்துபோன ஆப்பிள் வாசம். வைனை 12, 13 டிகிரியில படுக்க வெக்கணுமாம். எங்க பீரோ ஒவ்வொரு வருஷமும் அக்னி நட்சத்திரத்தைப் பார்த்த பீரோ.

அப்பதான் அந்த யோசனை வந்துச்சு. மச்சான் மெல்போர்ன்லேர்ந்து கொண்டு வந்த பாட்டில் ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு. மார்னிங்டன் பெனின்சுலா, அதுவும் ஷார்டனேதான். 1976 மே மாசம் பாரிஸ்ல லேபிளை மறைச்சு ருசி பார்த்தப்ப, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவோட ஷாட்டோ மான்டெலீனா ஷார்டனேவுக்கு முதலிடம் கொடுத்து ஏமாந்தவங்கதானே? எங்க பெரியப்பா எம்மாத்திரம்? ரெண்டு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி எடுத்துட்டுப் போனேன்.

மோந்து பார்த்தார். ஒரு வாய் குடிச்சார். ரொம்ப நேரம் கடல் பக்கமே பார்த்துகிட்டிருந்தார்.

"ஷார்தொனேதான் தம்பி. நல்லாவே இருக்கு. ஆனா நான் குடுத்தது இல்லை."

இந்தத் திராட்சை வெறும் சோறு மாதிரியாம், தனக்குன்னு பெரிய வாசம் கிடையாது. எந்தக் குழம்பு ஊத்துறோமோ அதுவா ஆயிடும். வெயில் ஊர்ல விளைஞ்சா அன்னாசி, மாம்பழம்னு மணக்கும். குளிர்காத்து அடிக்கிற ஊர்ல பழம் மெதுவாப் பழுக்கும், புளிப்பு இறங்காது, எலுமிச்சை, பச்சை ஆப்பிள் பக்கமாவே நிக்கும். மார்னிங்டனைச் சுத்தி மூணு பக்கமும் தண்ணி, பாஸ் நீரிணைக் காத்து வேற. அதனால புளிப்புல அது ஷப்லிக்குப் பக்கத்துலதான் வந்துச்சு. மாட்டி விட்டது மரம். "இது ஓக் பீப்பாயில தூங்கினது. வெனிலா வாசம் வருது பாரு. ஆப்பிள் புளிப்பைத் தயிர்ப்புளிப்பா மாத்தியிருக்காங்க, அதான் வெண்ணெய் மாதிரி நாக்குல உக்காருது. நான் கொண்டு வந்தது மரத்தையே பார்த்ததில்லை. இரும்புத் தொட்டியில வளர்ந்தது."

ஷப்லி மண்ணுல பதினஞ்சு கோடி வருஷத்துக்கு முந்தின குட்டிக் குட்டிச் சிப்பிங்க கிடக்கும், அதான் கடல் ருசின்னும் சொன்னார். கல்லோட ருசி நேரா வைனுக்கு வராதுன்னு விஞ்ஞானிங்க சொல்றதைப் படிச்சிருக்கேன். அரியலூர் சுண்ணாம்புக்கல்லுலயும்தான் சிப்பி கிடக்கு, அங்க விளையற முந்திரியில கடலா மணக்குது? ஆனா அந்த நேரத்துல திருடன் எதிர்வாதம் பேச முடியுமா?

மாங்கனித் திருவிழா கொண்டாடுற ஊர்ல இருந்துகிட்டு இப்படி ஒரு வேலை பார்த்திருக்கேன் பாருங்க. ரெண்டாவது மாம்பழத்தோட ருசியை வெச்சே புருஷன் கண்டுபிடிச்ச கதைதானே காரைக்கால் அம்மையார் கதை? அங்கேயாவது மாத்திக் கொடுத்தது சிவபெருமான்.

"எத்தனை இருக்கு?"ன்னு கேட்டார்.

"நாலு பெரியப்பா."

"நான் குடுத்ததே நாலுதான்."

எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுகிட்டு லேபிள்ல இருந்த வருஷத்தையெல்லாம் ஒண்ணொண்ணாப் படிச்சார். தொறந்ததை டம்ளர்ல ஊத்தச் சொன்னார். வேணாம் பெரியப்பா, கெட்டுப்போச்சுன்னேன். கேக்கலை. ஒரு வாய் குடிச்சிட்டு முகத்தைச் சுளிச்சார். அப்புறம் டம்ளரைக் கீழ வெக்காம மீதியையும் குடிச்சு முடிச்சார்.

"பூச்சி அரிக்காம வெச்சிருக்கான் பாரு, ராஸ்கல்"னு ஒரு லேபிளைத் தடவினார். "வஞ்சிரம் வறுத்தது மிச்சம் இருந்தா ரெண்டு துண்டு கொண்டா."