கணினி சாகவில்லை!

ஒரு பொருள் ஓடாமல் நின்றுவிட்டால் "செத்துப்போச்சு" என்று சொல்லிவிடுவது நம்மவர்களுக்கு மிக எளிது. ரேடியோ பாடவில்லையா, செத்துப்போச்சு. மின்விசிறி சுழலவில்லையா, செத்துப்போச்சு. பேராக்கில் ஒரு சிறு பட்டணத்தில் பழுது பார்க்கும் கடை வைத்துப் பிழைக்கும் எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முன்பெல்லாம் ரேடியோவையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பொருள்தான் மாறியிருக்கிறது, தீர்ப்பு மாறவில்லை.

அப்படித் தீர்ப்புச் சொல்லப்பட்ட கணினி ஒன்றைப் பற்றி இங்கே எழுத நினைக்கிறேன். அதற்கு முன், 'பயாஸ்' என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக நாலு வார்த்தை.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன்னே எல்லாரும் களத்தில் வந்து நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கெடுத்து, இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்து அனுப்புவார்கள். அதன் பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும். கணினியிலும் இப்படி ஒரு பெரட்டு உண்டு. சுவிட்சைத் தட்டியவுடன் மதர்போர்டில் உள்ள ஒரு சின்னஞ்சிறு சில்லிலிருந்து ஒரு கட்டளைத் தொகுப்பு எழுந்து, புரோசசர் வந்ததா, நினைவகம் வந்ததா, வட்டு வந்ததா என்று பெயர் கூப்பிடுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அந்தத் தொகுப்புதான் பயாஸ். 1981ஆம் ஆண்டு வந்த முதல் ஐபிஎம் சொந்தக் கணினியில் அது 8 கிலோபைட் அளவே இருந்தது. இன்றைய மதர்போர்டுகளில் அதற்கான சில்லு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட். அன்றைக்கு இருந்ததைப்போல் இரண்டாயிரம், நாலாயிரம் மடங்கு! புதிய முறைக்கு 'யூஇஎஃப்ஐ' என்று பெயர் வைத்தாலும், மக்கள் வாயில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

பெரட்டில் பெயர் கூப்பிட ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? பால்வெட்டுகிறவர்கள் எல்லாரும் திடகாத்திரமாக நிற்பார்கள். ஒருவரும் காட்டுக்குள் போக மாட்டார்கள். பயாஸ் கெட்டால் கணினியின் நிலையும் அதுதான். விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டு கிடக்கும்.

என் கடைக்கு அன்று வந்த குடும்பம் செம்பனை ஆலைக்குப் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தது. தகப்பனார் ஆலையில் வேலை செய்கிறார். மூத்த பெண், படுக்கையில் விழுந்துவிட்ட பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்காக வெளி வேலைக்குப் போகாமல், வீட்டிலிருந்தபடியே மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். அந்தக் கணக்கெல்லாம் இந்தக் கணினியில்தான். தம்பிக்கு வயது பதினேழு; எஸ்பிஎம் எழுதி முடித்திருந்தான். அவன்தான் இதைக் கெடுத்தவன் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

"அண்ணே, நல்லா ஓடிக்கிட்டிருந்த பொருள். இவன் எதையோ நோண்டி நாசமாக்கிட்டான். பட்டணத்துக் கடையில காட்டினோம். போர்டு செத்துப்போச்சு, புதுசு போட 450 வெள்ளி ஆகும்கிறான். படிச்சுக் கிழிச்சது போதும், நாளையிலிருந்து ஆலைக்கு வாடான்னு சொல்லிட்டேன்" என்றார் தகப்பனார்.

பையன் வாய் திறக்கவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அக்காள் மெதுவாகச் சொன்னாள். அந்த மாதக் கணக்கை ஒப்படைக்க அவளுக்கு இன்னும் நாலே நாள்தான் இருந்தது.

நான் பையனைத் தனியாக உட்கார வைத்து, "என்ன செய்தாய், தம்பி? ஒன்று விடாமல் சொல்லு" என்று கேட்டேன். பழுது பார்க்கிறவன் கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி இந்தக் கேள்விதான்.

அவன் சொன்னது இது. கணினியில் இருந்தது ரைசன் 5 2600 என்ற பழைய புரோசசர். அக்காளின் வேலைக்கு வேகம் போதவில்லை என்று, பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில், யாரோ பயன்படுத்திக் கழித்த ரைசன் 5 5600 ஒன்றை வாங்கியிருக்கிறான். அவர்களுடைய மதர்போர்டு பி450 வகை. அது 2018இல் வெளிவந்த வகை; அந்தப் புரோசசரோ 2022இல் வந்தது. பழைய பயாஸுக்குப் புதியவரின் பெயரே தெரியாது. பெரட்டில் எப்படிக் கூப்பிடும்? ஆகவே முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு, பழைய புரோசசரைக் கழற்றாமலே, முறைப்படிதான் தொடங்கியிருக்கிறான். நாற்பது விழுக்காடு ஏறியபோது இடி இடித்து மின்சாரம் போய்விட்டது. மாலை இடிமழை நம் நாட்டுக்குப் புதிதா என்ன?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சில்லில் எழுத வேண்டுமானால், பழைய எழுத்தைப் பகுதி பகுதியாக அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவில் மின்சாரம் நின்றால், சில்லில் பாதி பழையது, பாதி புதியது, நடுவே வெற்றிடம். புரோசசர் விழித்தெழுந்து முதல் கட்டளையைத் தேடினால் அங்கே அர்த்தமுள்ள ஒன்றும் இராது. ஆனால் சில்லும் கெடவில்லை, போர்டும் கெடவில்லை. எழுத்துத்தான் கெட்டிருக்கிறது. திரும்ப எழுதினால் தீர்ந்தது.

பையன் மதர்போர்டிலிருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பார்த்திருக்கிறான். அது தவறில்லை, ஆனால் அதனால் அழிவது நாம் மாற்றி வைத்த அமைப்புகள் மட்டுமே. கெட்டுப்போன பயாஸ் அதனால் திருந்தாது.

அவனுடைய போர்டின் பின்புறத்தில் பயாஸ் எழுதுவதற்கென்றே ஒரு சிறு பொத்தான் இருந்தது. எல்லாப் போர்டிலும் இது இருக்காது; இருந்தால் பெரும் பாக்கியம். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: அசுஸில் பயாஸ் ஃபிளாஷ்பேக், எம்எஸ்ஐயில் ஃபிளாஷ் பயாஸ் பட்டன், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ் பிளஸ். கணினி எழாவிட்டாலும், புரோசசரே இல்லாவிட்டாலும், மின்வழங்கி மட்டும் இணைந்திருந்தால் இந்தப் பொத்தான் தன் வேலையைச் செய்யும்.

"அதையும் அமுக்கிப் பார்த்தேன் மாமா. விளக்கு கொஞ்சம் மின்னிவிட்டு நின்றுபோனது" என்றான் பையன். பட்டணத்துக் கடையிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் அவனுடைய பென்டிரைவை வாங்கிப் பார்த்தேன். 64 ஜிகாபைட், எக்ஸ்ஃபேட் முறையில் தயார் செய்யப்பட்டது. அந்தப் பொத்தானின் பின்னால் இருக்கும் சிறு சில்லுக்கு ஃபேட்32 முறைதான் படிக்கத் தெரியும். கோப்பும் இறக்கிய பெயரிலேயே இருந்தது. எம்எஸ்ஐ போர்டு என்றால் 'எம்எஸ்ஐ.ரோம்', ஜிகாபைட் என்றால் 'ஜிகாபைட்.பின்' என்று கையேட்டில் சொன்ன பெயரை வைத்தால்தான் அது கண்டுகொள்ளும். அசுஸில் பெயர் மாற்றவே ஒரு சிறு நிரல் சேர்த்துத் தருகிறார்கள். விளக்கு மின்னி நின்றதற்கு இதுதான் காரணம். "நீ கொடுத்ததை என்னால் படிக்க முடியவில்லை" என்று அது சொல்லியிருக்கிறது. அதைச் சாவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

என்னிடமிருந்த பழைய 8 ஜிகாபைட் பென்டிரைவை ஃபேட்32 முறையில் தயார் செய்தேன். தயாரிப்பாளரின் இணையத் தளத்தில், போர்டின் மேல் அச்சிட்டிருந்த பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துக் கோப்பை இறக்கினேன். ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் வருவது உண்டு. அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெயரை மாற்றி, பின்புறத்தில் அதற்கென்று குறியிட்ட துளையில் செருகினேன். பொத்தானை அமுக்கும் வேலையைப் பையனிடமே விட்டேன்.

விளக்கு மின்னத் தொடங்கியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தகப்பனார் எழுந்து எழுந்து பார்த்தார். ஆறாவது நிமிடத்தில் விளக்கு தானாக அணைந்தது. சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது; திரை இருட்டு. தானாகவே நின்று, மறுபடி சுற்றியது, அப்போதும் இருட்டு. "போச்சு, அணைச்சிடுங்க" என்று அவர் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பயாஸ் புதிதானவுடன் நினைவகத்தோடு பழகிக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். டிடிஆர்5 நினைவகம் உள்ள புதுக் கணினிகளில் பல நிமிடங்கள்கூட ஆகும். அந்த நேரத்தில் பயந்து அணைப்பவர்கள் ஏராளம்.

திரையில் எழுத்து வந்தது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. விண்டோஸ் எழுவதற்குப் பதிலாக நீலத் திரையில் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது. வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தது. பயாஸ் மாறி அமைப்புகள் பழையபடி ஆனதும், 'இது அதே கணினிதானா' என்று வட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று கடைகளின் கணக்கும் அந்தப் பூட்டுக்குப் பின்னால். அக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்படி ஒரு பூட்டு இருப்பதே அவர்களில் எவருக்கும் தெரியாது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போடும்போது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது.

சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். பையனின் கைத்தொலைபேசியில் கணக்கைத் திறந்து, திரையில் காட்டிய அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப் பார்த்தோம். கிடைத்தது. அக்காள் ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க, தம்பி தட்டினான். கணக்கெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

பிறகு தகப்பனாரிடம் சொன்னேன்: "தம்பி, உங்கள் மகன் நோண்டவில்லை. படித்துத்தான் செய்திருக்கிறான். இடி இடித்ததற்கு அவனை அடிக்க முடியுமா? இவனை ஆலைக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்." அவர் பதில் சொல்லவில்லை. கடை வாசலில் நின்று பையனிடம், "வா, எதாவது சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றார். எனக்கு அது போதும்.

வாசகர்களே, பொத்தான் இல்லாத போர்டு என்றாலும் கைகழுவிவிடாதீர்கள். எட்டுக் கால் கொண்ட அந்தச் சில்லைக் கவ்விப் பிடித்து நேராக எழுதும் கருவி விலை மலிவானதே. ஆனால் சில சில்லுகள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட், மாற்றிக் கொடுத்தால் உண்மையாகவே செத்துவிடும். ஆகவே அதை வழக்கமாகச் செய்கிறவரிடம் விடுங்கள். எழுதுமுன் பழையதை ஒரு பிரதி எடுத்துவைக்கிறாரா என்று கேளுங்கள். கணினியின் வரிசை எண் போன்றவை அதில் இருக்கக்கூடும்.

புதுப்பிக்கவே வேண்டாம் என்பதும் சரியல்ல. 2024இல் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரோசசர்கள் சிலவற்றில் ஏற்பட்ட கோளாறுக்குத் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. காரணம் இருந்தால் செய்யுங்கள். பொழுது போகவில்லை என்று செய்யாதீர்கள். வானம் கறுத்திருக்கும் மாலையில் தொடங்காதீர்கள். மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்திருக்க, மின்கம்பியும் மாட்டியிருக்கட்டும். பிட்லாக்கரை முன்கூட்டியே தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

யாராவது "செத்துப்போச்சு" என்று சொன்னால், "எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதற்குக் காசு ஆகாது.