செல்லுமா?

என் பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சில். பாண்டிச்சேரியில் பிறந்த என் வயதுக்காரர்கள் சிலருக்கு அப்படி அமைந்தது. 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதன் பிறகும் அதே மொழியில் படித்து 'ப்ரெவே' தேறினேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தென்னாற்காடு மாவட்டத்தில் வேலை தேடியபோது ஒவ்வொரு மேஜையிலும் ஒரே கேள்விதான்: "இது செல்லுமா?" எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று உத்தரவு நகல் ஒன்றை இணைத்த பிறகுதான் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

எங்கள் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்ப்பவர் ஒருவரின் மகள் பி.எஸ்சி. முடித்தவள். சென்ற ஜூன் மாதம் ஆன்லைனில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கப் பணம் கட்டினாள். பதிவுக் கட்டணமும் முதல் தவணையும் சேர்த்து 18,500 ரூபாய். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம். பஸ் நிலையம் பக்கத்து மாடி அறையில் இருந்த ஏஜெண்ட்தான் சேர்த்துவிட்டார். படித்து முடித்தால் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஆகலாம் என்றாராம். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

ஆகஸ்டில் யுஜிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைப் பணிகள் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளையும், உளவியலையும் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்றது. உடனே ஏஜெண்ட், "எம்.பி.ஏ.வுக்கு மாற்றிக்கொள், பணம் திரும்ப வராது" என்று சொல்லிவிட்டார். அவள் அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"தாத்தா, யுஜிசி அங்கீகாரம் இருக்குன்னு நோட்டீஸ்லயே போட்டிருந்தாங்களே" என்றாள்.

போட்டிருந்தது பொய்யில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அது நடத்தும் ஒவ்வொரு ஆன்லைன் படிப்புக்கும் அனுமதி இருப்பது வேறு, படித்தவர் அந்தத் தொழிலைச் செய்ய உரிமம் பெறுவது இன்னும் வேறு. மூன்றையும் ஒரே நோட்டீஸில் குழைத்து விற்கிறார்கள். இந்தத் தடை வராமல் அவள் எம்.எஸ்சி. முடித்திருந்தாலும், மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கான பயிற்சி நேரில் போய்ப் படிக்க வேண்டியது. ஏஜெண்ட் இதைச் சொல்லவில்லை. வக்கீல் படிப்பும் அப்படித்தான்; தபாலில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து பார் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.

நம் பக்கத்தில் இது புதிதல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தபால் வழிக் கல்வி தொடங்கிய பிறகு, எங்கள் ஊரில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிப் பதவி உயர்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியே 2022 மார்ச்சில் யுஜிசி எச்சரிக்கை வெளியிட்டது. தொலைநிலைப் படிப்புக்கு 2014-15 வரைக்கும்தான் அனுமதி, அதற்குப் பிறகு அனுமதியின்றி நடத்தியவை செல்லாது என்றது. பிறகு அனுமதி வாங்கி மறுபடி நடத்துகிறார்கள். நடுவில் சேர்ந்த பிள்ளைகளின் வீட்டில் அந்த மார்ச் மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கு முன்பே, 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சேலத்து விநாயகா மிஷன்ஸ் உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனித் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து, கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். பணம் திரும்பும், வருஷம் திரும்புமா? நான் ஓய்வு பெற்ற 2009-லும் ஓர் அரசாணை வந்தது. பத்தும் பிளஸ் டூவும் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று. என் செக்‌ஷனிலேயே இரண்டு பேர் முகம் வாடிப்போனது.

சரி, இவள் பணத்துக்கு வருவோம். 2023 ஏப்ரலில் வந்த யுஜிசி குறைதீர் விதிகளின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த பதினைந்து வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் பதினைந்து நாளுக்குள் குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஓய்வு பெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ, முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். முப்பது நாளில் தீர்க்கப் பார்க்க வேண்டும். இது போக, யுஜிசியின் 'இ-சமாதான்' தளத்திலும் பதியலாம்.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளிடம் என்ன இருந்தது? ஏஜெண்டின் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும், கூகுள் பே ரசீதும். குரல் பதிவில் சொன்னதை எழுத்தில் வாங்கச் சொன்னேன். "எந்தப் படிப்புக்குப் பணம் வாங்கினீர்கள், அது இந்தப் பருவத்தில் நடக்கிறதா, ஆம் அல்லது இல்லை என்று பதில் தரவும்" என்று பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினாள். பன்னிரண்டு நாள் கழித்து, நடக்கவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த ஒற்றை வரி போதும் எனக்கு.

மனுவை நான்தான் தமிழில் சொன்னேன், அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். அழுகை, ஆத்திரம் எல்லாம் வெட்டிவிட்டேன். தேதி, தொகை, கேட்பது என்ன, இணைப்புகள் ஐந்து. செப்டம்பர் 15 அன்று அவர்கள் தளத்தில் பதிந்தோம். பதிவு எண் வந்தது. காகித நகலையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம் என்று போனால், அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்களாம் இந்த மாதம் முதல். நாற்பது வருஷம் நான் நம்பிய ஒரு சொல் கவுண்டரிலிருந்தே போய்விட்டது. ஸ்பீடு போஸ்டிலேயே அனுப்பினோம்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு ஒன்று. சேருவதற்கு முன் மாணவர் தானே யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் 'டெப் ஐடி' எடுக்க வேண்டும் என்பது இப்போது விதி. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு அனுமதி என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. அதைத் திறக்கவிடாமல், "இன்றைக்கே கட்டினால் சலுகை" என்று சொல்பவரிடம் வாசலோடு பேசி அனுப்பிவிடுங்கள்.

சனி, ஞாயிறு, ஆயுத பூஜை, விஜயதசமி எல்லாம் கழித்தால் அக்டோபர் 8-ஆம் தேதியோடு பதினைந்து வேலை நாள் முடிகிறது. மேல்முறையீட்டு மனுவும் எழுதி வைத்தாகிவிட்டது. தேதி போடும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.