கயிறு தளரும் நேரம்

சென்னை,
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அத்தானும் பிள்ளைகளும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? போனில் பேசினால் பாதி பேச்சை என்ஜின் சத்தமும் மீதியைக் காற்றும் கொண்டுபோய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்து மடித்து வைத்துவிடாதே. உன் குதிரை செவலையின் பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

நீ அனுப்பிய வீடியோவைப் பலமுறை பார்த்தேன். நல்ல உடம்புக்காரிதான். நெஞ்சு அகலம், கால்கள் நேர். காது நுனி இரண்டும் உள்ளே வளைந்திருப்பதைப் பார்த்தால் மார்வாரி இனமோ கத்தியவாரி இனமோ ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனால் இப்படிப்பட்ட காதுகளை வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் என் கவலை அந்தக் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில். நீ கயிற்றை இழுத்தால் வருகிறாள், நிறுத்தினால் நிற்கிறாள். "ரொம்ப சாது அக்கா, காணும் பொங்கலுக்குள் சவாரிக்கு விட்டுவிடலாம்" என்கிறாய். எனக்கு அது சாதுத்தனமாகப் படவில்லை. காதுகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. கண் திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை. கழுத்தில் ஈ உட்கார்ந்தும் தோலைச் சிலிர்க்கவில்லை. முன்பு எங்கோ கடற்கரையில் யார் யாரையோ சுமந்து, தான் எதைச் செய்தாலும் அடி நிற்காது என்று முடிவுகட்டிய குதிரை இப்படித்தான் நிற்கும். அவள் பணிகிறாள், இன்னும் நம்பவில்லை. பக்கத்தில் ஒரு சரவெடி வெடித்தால், முதுகிலிருக்கும் குழந்தையோடு கண்மண் தெரியாமல் ஓடிவிடுவாள். நம்புகிற குதிரையும் திடுக்கிடத்தான் செய்யும். ஆனால் திடுக்கிட்டதும் ஒரு காதை உன் பக்கம் திருப்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கும். அந்த ஒரு காதுக்காகத்தான் இனி நீ வேலை செய்ய வேண்டும்.

குதிரை ஓடிப் பிழைத்த இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. நீ நேராக முகத்துக்கு எதிரே போய் நெற்றியைத் தட்டிக்கொடுக்கிறாய். அன்பாகத்தான் செய்கிறாய். அவளுக்கோ, வந்துகொண்டிருந்த கை சட்டென்று மறைந்து பிறகு தலையில் விழுகிறது. இனிமேல் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போ. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், பிடரி மயிர் ஓய்கிற இடத்தில், விரல் நுனியால் அழுத்திச் சொறிந்துகொடு. குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்ஸின் காமார்க் குதிரைகளிடம் அளந்தே பார்த்திருக்கிறார்கள். சொறியச் சொறிய மேல் உதடு நீண்டு துடித்தால், சரியான இடத்தைப் பிடித்துவிட்டாய் என்று அர்த்தம்.

அடுத்தது கயிறு. எல்லாப் பாடமும் இதில்தான் இருக்கிறது. ஏறி உட்காருவதற்கு முன் தரையில் நின்று செய்ய வேண்டிய வேலை இது. அவள் தோளுக்குப் பக்கத்தில் நில். உன் கைக்கும் அவள் தாடைக்கும் நடுவே கயிறு தொய்ந்து கிடக்கட்டும். நடக்கச் சொல்ல வேண்டுமானால் கயிற்றை லேசாக முன்னே இறுக்கி அப்படியே பிடித்திரு. வெடுக்கென்று இழுக்காதே, கூடுதலாகவும் இழுக்காதே, காத்திரு. கால் எழும்புவதற்கு முன்பே அவள் பாரம் முன்பக்கம் சாயும். தோள் தசை அசைவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் கயிற்றை விட்டுவிடு. ஓர் அடி வைக்கட்டும் என்று நீ காத்திருந்தால் தாமதமாகிவிடும். இறுக்கம் அவளுக்குக் கேள்வி, தளர்வு பதில். தான் செய்த எதனால் இறுக்கம் போனது என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்கிறாள்.

நம் ஏரியில் பாடு முறை இருக்கிறதே, அதை நினைத்துக்கொள். நம் முறை முடிந்ததும் வலையை எடுத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்கு விடுகிறோம். விடுவார்கள் என்று தெரிந்திருப்பதால்தான் அடுத்தவர் சண்டை போடாமல் கரையில் உட்கார்ந்திருக்கிறார். குதிரையும் அப்படித்தான். இந்தக் கை நேரத்துக்கு விட்டுவிடும் என்று தெரிந்துவிட்டால், அது பிடித்திருக்கும் நேரத்தில் அவள் பதற மாட்டாள்.

நடப்பது வந்ததும் நிற்பது, பிறகு பின்னால் ஓரிரு அடி வைப்பது, பிறகு விலாவின் பின்பக்கம் விரல் வைத்தால் பின்னங்கால்களை எதிர்ப் பக்கம் நகர்த்துவது. கடைசியாகச் சொன்னதை இரண்டு பக்கத்திலும் பழக்கு. மிரண்டு ஓடப்போகும் குதிரையின் பலமெல்லாம் பின்னங்காலில் இருக்கிறது. அதைப் பக்கவாட்டில் நகர்த்தப் பழகியிருந்தால், முதுகில் இருக்கும்போதும் ஒரு பக்கக் கடிவாள வாரை மெல்ல இழுத்தே அவளை நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிஷம் போதும். நன்றாக ஒன்று செய்ததும் அத்தோடு முடித்து அவிழ்த்துவிடு. தப்பு செய்தால் அடிக்காதே. அடி எதற்கு என்று அவளுக்குப் புரியாது, அடித்த கை மட்டும் நினைவில் நிற்கும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. கிரேக்கத்துப் படைத்தலைவர் செனபோன், கிறிஸ்து பிறப்பதற்கு முன் 4-ஆம் நூற்றாண்டிலேயே குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை நெருங்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்தார். இளங்குதிரையைக் கூட்டத்துக்குள் நடத்திச் சென்று எல்லாச் சத்தத்தையும் பழக்க வேண்டும், மிரண்டால் பயப்பட ஒன்றுமில்லை என்பதை மென்மையாகவே காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நம் பக்கத்துக் கதை வேறு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். மன்னர்கள் கொட்டிக் கொடுத்த பணம் குதிரையைக் கொண்டுவந்தது. அதைக் காப்பாற்றும் அறிவை அந்தப் பணத்தால் கொண்டுவர முடியவில்லை. நீ கடன் வாங்கி இவளை வாங்கியிருக்கிறாய். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

இனி நம் கரைக்கு வருகிறேன். காயப்போட்ட வலை, காற்றில் படபடக்கும் நீலத் தார்ப்பாய், போட்டைக் கரையேற்றும்போது போடும் கூச்சல், நாய்கள், ஏரியில் திடீரென்று கூட்டமாக எழும்பும் பூநாரைகள், எல்லாம் அவளுக்குப் புதுசு. வலைக் குவியலைக் காட்ட நேராக அதன் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகாதே. எந்தத் தூரத்தில் தலையைத் தூக்கி மூக்குத் துளை விரியப் பார்க்கிறாளோ, அந்த இடத்திலேயே நின்றுவிடு. நீ வலையைப் பார்க்காதே, கடலைப் பார். மூச்சை நீளமாக விடு. கொஞ்ச நேரத்தில் அவள் கண் இமைக்கும், தலை தாழும், நாக்கால் உதட்டை நக்கி மெல்லுவாள், பெருமூச்சு விட்டு ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்பாள். அப்போது திருப்பி, வலையை விட்டு விலகி நட. விலகுவதுதான் அவளுக்குக் கொடுக்கிற பரிசு. மறுபடி வா, இன்னும் இரண்டடி கிட்டே. இப்படி விட்டு விட்டுப் போனால், அவளாகவே மூக்கை நீட்டி வலையை முகர்வாள். நீ இழுத்துக்கொண்டு போய் முகரவைத்தால் உன் பலத்தைத்தான் தெரிந்துகொள்வாள். தானாக முகர்ந்தால் தன் தைரியத்தைத் தெரிந்துகொள்வாள்.

உன் மூச்சைப் பற்றிச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. 2009-இல் சுவீடனில் ஒரு சோதனை செய்தார்கள். குதிரையை நடத்திப் போகிறவர்களிடம், அடுத்த சுற்றில் குடையைப் படாரென்று விரிக்கப்போகிறோம் என்று சொல்லிவைத்தார்கள். உண்மையில் யாரும் குடையை விரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதர்களின் இதயத் துடிப்பு ஏறியது, குடையைப் பற்றி ஒன்றுமே தெரியாத குதிரைகளின் துடிப்பும் கூடவே ஏறியது. 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், மனிதரின் கோப முகத்தையும் சிரித்த முகத்தையும் குதிரைகள் படத்திலேயே பிரித்து அறிவதைக் காட்டினார்கள். ஆகவே மீன் விலை போகாமல் மனசு கொதிக்கிற நாளில் கயிற்றைக் கையில் எடுக்காதே. தீனி வை, தண்ணீர் வை, அன்றைக்கு அது போதும்.

இன்னொன்று, அவள் அங்கே தனியாக இருக்கிறாள். அது குதிரையின் இயல்பு இல்லை. நம் ஊரில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக்காரர்கள் பிறகு இலங்கையின் நெடுந்தீவையும் பிடித்தார்கள். அங்கே போர்த்துகீசியர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் வம்சம் இன்றும் மந்தையாகத் திரிகிறது. கவனித்துப் பார்த்தால் தனியாக நிற்பது அபூர்வம். சில தூங்கும்போது ஒன்றாவது விழித்திருக்கும். செவலைக்கு அப்படிக் காவல் இருக்க யாரும் இல்லாததால் அவள் சரியாகத் தூங்கவே மாட்டாள். லாயத்துப் பக்கத்தில் ஒரு ஆட்டைக் கட்டு. பந்தயக் குதிரைகளுக்கே துணைக்கு ஆடு வைக்கிற வழக்கம் உண்டு.

ஏறுவது இதெல்லாம் ஆன பிறகுதான். தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கும் மன்றோ சிலையைப் பார்த்திருப்பாய். சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிலைக்கு அது சரி. உயிருள்ள முதுகுக்கு, பாரத்தைப் பரப்பித் தாங்கும் சேணம் வேண்டும், அடியில் கனமான துணியும் வேண்டும். முதலில் சேணத்தை முகரவிடு. வைத்து எடு, மறுபடி வைத்து எடு. வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒவ்வொரு துளையாக ஏற்று. ஏறும் நாளில் அவள் பழகிய ஒருவர் தலைப்பக்கம் நிற்கட்டும். அங்கவடியில் ஒரு காலை வைத்துப் பாரத்தைக் கொடு, இறங்கிவிடு. பிறகு வயிற்றால் குறுக்கே சாய், இறங்கிவிடு. அவள் மூச்சு மாறாத நாளில் உட்கார். உட்கார்ந்ததும் உதைக்காதே. தரையில் கயிறு சொன்னதையே இப்போது உன் கெண்டைக்கால் சொல்லட்டும்: லேசாகத் தொடு, அவள் சாய்ந்ததும் விடு. நடையிலேயே நிறைய நாள் போகட்டும். காய்ந்த மணல் கால் நரம்பை வதைக்கும், அலை வந்து வடிந்த ஈர மணல்தான் நல்லது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவு.

வயிறு நோகிற குதிரை எவரையும் நம்பாது. தீனியை மணலில் போடாதே, தொட்டியில் போடு. மணல் குடலில் சேர்ந்தால் வயிற்று வலி வரும், குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. சாணத்தில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டில் தண்ணீரில் கரைத்து வைத்துப் பார். அடியில் மணல் படிந்தால் உடனே எனக்குச் சொல். வேலிக்காத்தான் காயைத் தின்னவிடாதே, முள் ஏறியிருக்கிறதா என்று தினமும் குளம்பைத் தூக்கிப் பார். நாளைக்கு முப்பது லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் வேண்டும். நம் ஊரில் அது எத்தனை பாடு என்று தெரியும். ஆனாலும் உப்புத் தண்ணீரைக் காட்டாதே.

கடைசியாகக் காணும் பொங்கல். அன்றைக்கு வரும் கூட்டமும் அதில் கிடைக்கும் காசும் எனக்குத் தெரியாததில்லை. இந்த வருஷம் அவளைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாதே. அந்த மாதத் தவணையை நானும் அத்தானும் கட்டுகிறோம், பேசிவிட்டோம். அவள் தயாரான பிறகும் ஒரு கணக்கு இருக்கிறது: ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. செவலை முந்நூறு கிலோ இருப்பாள், அப்படியானால் அறுபது கிலோதான். எண்பது கிலோ ஆள் எவ்வளவு நீட்டினாலும் வேண்டாம் என்று சொல். கயிற்றில் நீ கொடுத்த வாக்கை அப்போதும் காப்பாற்ற வேண்டும். முடியாததைத் தன்மேல் ஏற்ற மாட்டான் என்று அவள் உன்னைப் பற்றி நினைத்திருப்பாள். அந்த நினைப்பை ஒரு நாள் வசூலுக்காகக் கெடுத்துவிட்டால், மறுபடி உண்டாக்க நீ பட்டதைவிடப் பல மடங்கு பட வேண்டும்.

தை பிறந்ததும் பிள்ளைகளோடு வருகிறேன். உன்னைக் கண்டு அவள் காது எப்படித் திரும்புகிறது என்று நேரில் பார்க்க ஆசை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? சின்ன முள் காயமும் குதிரைக்கு உயிர்ப் பயம். பொன்னேரியில் கால்நடை மருத்துவரைப் பார். அங்கே முடியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரலாம். வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.