காலிக் கோட்டைக்குள் ஒரு பகற்பொழுது

தென்னிலங்கைக்குச் சுற்றுலாப் போகின்றவர்களிற் பலர் காலிக் கோட்டையின் மதில்மேல் ஏறிக் கடற்காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவர். நாமும் முன்னர் இருமுறை அவ்வாறு திரும்பியவர்களே. இம்முறை அப்படி நேரவில்லை. எமது மூத்த மகள் கட்டிடக்கலை பயில வேண்டுமென்று ஆசை கொண்டவள். “மதிலைப் பார்த்தது போதும், மதிலுக்குள் இருக்கும் வீடுகளைப் பார்க்க வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்தாள். ஆகவே, கோட்டையிலேயே பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, விடுமுறை நாளொன்றில் குடும்பத்துடன் புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் புகையிரதப் பாதை பெரும்பாலும் கடலை ஒட்டியே செல்கின்றது. சில இடங்களில் அலையின் நுரை தண்டவாளத்துக்கு அருகிலேயே வந்து உடைகிறது. பெரலிய என்னும் ஊரைக் கடக்கையில் வண்டியில் இருந்தவர்கள் சிறிது நேரம் மௌனமாயினர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை புகையிரதமொன்றைப் புரட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இடம் அது. காலியை அடையும்வரை எங்கள் இளைய மகன் யன்னலோரத்தை விட்டு நகரவில்லை.

இருமுகங் கொண்ட வாயில்

வழிகாட்டிப் பெரியவர் கோட்டை வாயிலிற் காத்திருந்தார். வெள்ளைச் சாரமும் தொப்பியும் அணிந்திருந்த அவர், எங்களைக் கண்டதும், “வாருங்கள் மகன், வெயில் ஏறுமுன் நடந்துவிடுவோம்” என்று தமிழில் வரவேற்றார். காலிக் கோட்டையின் முஸ்லிம் குடும்பங்கள் வீட்டிலே தமிழ் பேசுவன என்பதை எமது பிள்ளைகள் அன்றுதான் அறிந்தனர்.

இப்பொழுது வாகனங்கள் செல்லும் பெருவாயில் 1873இல் ஆங்கிலேயர் மதிலைத் துளைத்து அமைத்தது. பெரியவர் அதைத் தாண்டி, துறைமுகப் பக்கத்திலுள்ள பழைய வாயிலுக்கு எங்களை அழைத்துச் சென்றார். நீண்ட பண்டகசாலை ஒன்றின் அடியிலே குகைபோல் குடையப்பட்ட வழி அது. வெளிப்புறத்தில் நின்று மேலே நோக்கினால் ஆங்கிலேயரின் அரச சின்னம் தெரிகிறது. உட்புறம் சென்று திரும்பிப் பார்த்தாலோ, இரு சிங்கங்கள் தாங்க, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினையும், அதன்மேல் ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டு உரோம எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

“வெளியிலிருந்து வருகிறவனுக்கு ஆங்கிலேயர் ஆட்சி, உள்ளே இருக்கிறவனுக்கு இன்னும் ஒல்லாந்தர் ஆட்சி!” என்று பெரியவர் நகைத்தார்.

நகைச்சுவையாகச் சொன்னாலும் காலியின் வரலாறு அதற்குள் அடங்கிவிடுகிறது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், பின்னர் இம்முனையில் அரண் அமைத்தனர். தரைவழியாகப் பகைவர் வரக்கூடுமென அஞ்சி, நிலப்பக்கத்தை மறித்து மூன்று கொத்தளங்களை எழுப்பினர். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர், 1640இல் காலியைக் கைப்பற்றினர். அவர்கள் முனை முழுவதையும் மதிலால் வளைத்தனர். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. புதிதாக வந்த எவரும் பழையதை முற்றாக இடித்துத் தள்ளவில்லை. போர்த்துக்கேயரின் கொத்தளங்கள் ஒல்லாந்தர் காலத்திற் பெருப்பிக்கப்பட்டு, சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் பெற்று இன்றும் நிற்கின்றன.

தேவாலயமும் தெருக்களும்

அடுத்து ஒல்லாந்தரின் பெரிய தேவாலயத்தை அடைந்தோம். 1755இல் கட்டி முடிக்கப்பட்ட இதன் உள்ளே கூரையைத் தாங்கத் தூண்கள் இல்லை. நெடிய யன்னல்களூடாக வெளிச்சம் தடையின்றி விழுகிறது. தளம் முழுவதும் கல்லறைக் கற்கள். மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்களின்மேல் கால்வைக்க எமது மகன் தயங்கினான். நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்த ஒல்லாந்தத் தளபதி ஒருவரின் மனைவி, மகள் பிறந்த நன்றிக்காக இவ்வாலயத்தைக் கட்டுவித்தாள் என்பது ஊரில் வழங்கிவரும் கதை.

கோட்டைத் தெருக்கள் குறுகலானவை. நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை. அவற்றின் பெயர்களே பழைய தொழில்களைச் சொல்கின்றன. லெயின்பான் வீதி என்பது கயிறு திரித்த இடம். பெட்லர் வீதி, பொருள் சுமந்து விற்ற வணிகரின் தெரு. பரவ வீதி என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் நாம் நின்றுவிட்டோம். தென்பாண்டிக் கரையிலும் மன்னார்க் கரையிலும் முத்துக்குளித்தும் கடல்வாணிபம் செய்தும் வாழ்ந்த பரவரின் பெயர் இத் தெருவில் நிலைத்திருக்கிறது.

வீடுகளின் அமைப்பை மகள் தனது கொப்பியிற் குறித்துக்கொண்டாள். முருகைக் கல்லும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய பருத்த சுவர்கள்; தெருவை நோக்கிய விறாந்தை; அதைத் தாங்கும் மெல்லிய தூண்கள்; சரிந்திறங்கும் ஓட்டுக்கூரை; உள்ளே வானம் தெரியும் முற்றம். வெளியே வெயில் எரிக்க, உள்ளே குளிர்ச்சி. தெருக்களின் அடியில் ஒல்லாந்தர் அமைத்த செங்கற் கால்வாய்கள் உண்டு. கடல்நீர் ஏறி இறங்கும்போது கழிவு அடித்துச் செல்லப்படும்படி அவை திட்டமிடப்பட்டன.

பெரியவரின் வீடு

நண்பகலில் பெரியவர் தமது வீட்டிற்கே எங்களை அழைத்துச் சென்றார். விறாந்தையில் அமர்த்தி, இஞ்சி போட்ட தேநீர் தந்தார் அவர் மனைவி. வலப்புறத்து வீடு இப்பொழுது விடுதி. இடப்புறத்து வீடு நகைக்கடை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வரும் இங்கே வீடுகளை வாங்கி வருகின்றனர்.

“வலப்பக்கத்து வீடு என் தம்பியுடையது. மூன்று பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தான். கூரை ஒழுகியது. பழைய மாதிரியே ஓடும் மரமும் போட வேண்டும். அதற்கு அனுமதியும் வேண்டும். அவனால் எங்கே இயலும்? விற்றான். அவனைக் குறைசொல்ல மாட்டேன். வாங்கினவர்களும் வீட்டைக் கெடுக்கவில்லை, நாங்கள் வைத்திருந்ததைவிட அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள்” என்றார் பெரியவர்.

எமது மகள் சற்றும் தயங்காமல், “நீங்களும் விற்பீர்களா, அப்பா?” என்று கேட்டுவிட்டாள். அங்கு பாட்டனாரை அப்பா என்றழைப்பது வழக்கமென்று காலையிலேயே கேட்டறிந்திருந்தாள்.

பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “மாதம் ஒருவராவது வந்து கேட்கிறார்கள், மகள். இவள் இருக்கும்வரை விற்க மாட்டேன். அதற்குப் பிறகு பிள்ளைகளின் விருப்பம். ஒருவன் கொழும்பில், மற்றவன் வெளிநாட்டில்” என்றார். அவர் மனைவி ஒன்றுஞ் சொல்லாமல் வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

மதில்மேல் மாலை

வெயில் தாழ்ந்தபின் முனையை நோக்கி நடந்தோம். அங்கே 1939இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு தென்னைகளுக்கிடையே வெள்ளையாய் நிற்கிறது. அதனெதிரே மீரான் பள்ளிவாசல். 1904இல் எழுந்த இப்பள்ளிவாசலின் இரட்டைக் கோபுரங்களைக் கண்டு, கிறிஸ்தவ தேவாலயமென்று எண்ணுவோர் பலர். பிறைச் சின்னத்தைக் கண்ட பின்னரே ஐயம் தீரும். பெரியவர் அங்கே அசர்த் தொழுகையை முடித்துவரும்வரை நாம் புல்வெளியிற் காத்திருந்தோம்.

பின்னர் மேற்கு மதிலின்மேல் நடந்தோம். இத்தனை பெரிய துறைமுகம் ஏன் அமைதியாயிற்று என்று மகன் வினவினான். விரிகுடாவிலுள்ள பாறைகளைப் பெரியவர் கையால் சுட்டிக்காட்டினார். நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்தில் அவை பெருந்தடையாயின. கொழும்பிலே 1875இல் தொடங்கிய அலைதடுப்பு அணை 1885இல் முடிந்ததும், கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன. காலி வறுமையுற்றது. ஆனால் அதனாலேயே பழைய வீடுகளை இடித்துப் புதிய மாளிகைகள் கட்ட எவரும் முன்வரவில்லை. துறைமுகம் செழித்திருந்தால் 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக ஏற்பதற்கு இந்நகர் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே.

சந்திரக் கொத்தளத்தை அடைந்தபோது சூரியன் மறையும் தறுவாய். மதிலுக்குக் கீழே கிரிக்கெட் மைதானமும் அப்பால் பஸ் நிலையமும் தெரிந்தன. பெரியவரின் குரல் தாழ்ந்தது.

“அன்று காலை இங்கேதான் நின்றேன். மைதானம் கடலாகிவிட்டது. பஸ்கள் தீப்பெட்டிபோல் மிதந்தன. ஓடிவந்தவர்களைக் கைகொடுத்து மேலே தூக்கினோம். சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று அப்போது யார் பார்த்தார்? எங்கள் தெருக்களுக்குப் பெரிய சேதமில்லை, மதில் காத்தது. அன்றிரவு எங்கள் வீட்டு விறாந்தையில் முப்பது பேர் படுத்திருந்தார்கள்.”

பகைவரைத் தடுக்க அந்நியர் கட்டிய மதில், முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் அவர்கள் கனவிலும் எண்ணாத பகையைத் தடுத்திருக்கிறது. ஆயினும் ஓடிவந்தவர்களைத் தூக்கிவிட்டவை அங்கு குடியிருந்தவர்களின் கைகள் அல்லவா? விறாந்தைகள் எல்லாம் விடுதிகளானபின், இன்னொரு நாள் அவ்வாறு வந்தால், கதவைத் திறப்பவர் யார் என்ற கேள்வி எம் மனத்தில் எழுந்தது. அதைப் பெரியவரிடம் கேட்க எமக்கு மனம் வரவில்லை.

மூன்று மொழிக் கல்

பிரியும்போது பெரியவர் ஒன்று சொன்னார்: “கொழும்பு நூதனசாலைக்குப் போனால் எங்கள் ஊர்க் கல்லைப் பாருங்கள். அது உங்கள் மொழியும் பேசும்.”

அடுத்த ஞாயிறன்று சென்று பார்த்தோம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலியிலே நிறுவுவித்த கல் அது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. சீனப் பகுதி புத்தர் பெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனுக்கும் காணிக்கைகளைக் கூறுகின்றன. போர்த்துக்கேயர் வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே, காலித் துறையில் மூன்று மொழியினரும் வணிகஞ் செய்து பக்கம்பக்கமாக இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

இக்கல் பின்னாளில் மறக்கப்பட்டது. 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது, காலி நகரில் தெருவோர மதகொன்றை மூடும் பலகையாகக் கிடந்தது. எத்தனை கால்கள் அதன்மேல் நடந்தனவோ!

மகள் தமிழ் எழுத்துகளைக் கண்ணாற் கூட்டி வாசிக்க முயன்றாள். சில எழுத்துகள் புரிந்தன, பல தேய்ந்திருந்தன. வீடு திரும்பியதும், தான் வரைந்த விறாந்தைப் படத்தின் பிரதியொன்றைப் பெரியவருக்கு அஞ்சலில் அனுப்பினாள்.

காலிக்குச் செல்லும் அன்பர்கள் மதில்மேல் நின்று திரும்பிவிட வேண்டாம். கோட்டைக்குள் இன்னும் குடியிருப்போரில் ஒருவரைக் கண்டு, அவருடன் தெருத்தெருவாக நடவுங்கள். பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கற்கள் இன்னும் பல்லாண்டு நிற்கும். அவற்றின் கதையைச் சொல்வோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நன்று.