இரண்டு விரல் அகலத்தில் ஒரு ராஜ்யம்

தபால் தலை சேர்க்கும் ஆசை மணல்வாரி அம்மையைப் போன்றது. பெரும்பாலும் சிறு பிராயத்தில்தான் வரும். பலருக்குச் சில மாதங்களில் இறங்கிவிடும். இரண்டொருவருக்கு மட்டும் ஆயுள் உள்ளவரை தழும்பு மாறாது. நமக்கு அது பத்தாவது வயதில், 1960களின் ஆரம்பத்தில் வந்தது. அதன் தழும்பு ஒன்றைப் பற்றி இன்று நேயர்களிடம் சொல்லிக்கொள்ள விரும்புகிறோம்.

நமது ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் இருக்கிறது. தாத்தாவின் வீட்டு ரேழியில், உத்தரத்திலிருந்து ஒரு வளைந்த கம்பி தொங்கும். வந்த கடிதங்களைப் படித்து முடித்ததும் தாத்தா அந்தக் கம்பியில் குத்திவிடுவார். சாவுச் செய்தி தாங்கி வந்த கார்டு மட்டும் வாசலிலேயே கிழிபட்டுவிடும். மற்றபடி நெல் விற்ற கணக்கு, கல்யாணப் பத்திரிகை, பினாங்கிலிருந்து பணம் அனுப்பிய விவரம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, அந்தக் கம்பி எங்கள் குடும்பத்தின் சரித்திர புஸ்தகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கோடை விடுமுறையில், பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த சமயம், நாம் கத்தரிக்கோலும் கையுமாக முக்காலியின்மேல் ஏறினோம். சாதாரணத் தலைகள் நமக்கு வேண்டியிருக்கவில்லை. ஜார்ஜ் மன்னரின் முகமும் அசோகரின் சிங்கங்களும் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் கிடைக்கும். நாம் தேடியது வேறு. ஒரு கார்டின் மூலையில், கோவில் தூணிலிருந்து இறங்கி வந்தாற்போல ஓர் அப்ஸரஸ் நின்றுகொண்டிருந்தாள்! சுற்றிலும் நமக்குப் படிக்கத் தெரியாத பாஷை. அது காரைக்காலில் வாழ்க்கைப்பட்டிருந்த தாத்தாவின் தங்கை, நமது அத்தைப் பாட்டி, எழுதிய கார்டு.

தலையை நனைத்துப் பிரித்தெடுக்கும் பொறுமை அந்த வயதில் ஏது? கார்டின் மூலையோடு சேர்த்துக் கத்தரித்தோம். மைதாப் பசையைத் தாராளமாகத் தடவி ஆல்பத்தில் ஒட்டியும் விட்டோம்.

சாயங்காலம் தாத்தா கண்டுபிடித்துவிட்டார். முதுகில் இரண்டு விழும் என்று எதிர்பார்த்தோம். விழவில்லை. ஆல்பத்தைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார். "அடே, முன்பக்கம் படம் அழகாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் என்ன எழுதியிருந்தது, படித்தாயா?" என்று மட்டும் கேட்டார். மூலையிழந்த கார்டை மறுபடியும் கம்பியில் குத்திவிட்டு வாசல் திண்ணைக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. ஆனால் முன்பக்கத்தைப் பற்றிப் பிற்காலத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

தபால் தலை என்பது கூலி கொடுத்தாயிற்று என்பதற்கு ரசீது. ஆனால் கண்டவர்களெல்லாம் அச்சிடக்கூடிய ரசீது அல்ல. இந்த மண்ணில் என் வாக்குச் செல்லும் என்று சொல்லக்கூடிய சர்க்கார்தான் அதை அச்சிடலாம். முன்காலத்தில் கடிதத்தைப் பெறுகிறவர் தலையில்தான் கூலி விழும்; அதுவும் தூரத்துக்குத் தக்கபடி. ரௌலண்ட் ஹில் என்பவரின் யோசனைப்படி, 1840ஆம் வருஷம் மே மாதம் 6ந் தேதி இங்கிலாந்தில் உலகத்தின் முதல் தபால் தலை செலாவணிக்கு வந்தது. முந்திக்கொண்ட பெருமையினால் பிரிட்டிஷார் இன்றளவும் தங்கள் தலைகளில் தேசத்தின் பெயரைப் போடுவதில்லை. முடிசூடியவரின் முகம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். 1843இல் பிரேஸில், 1851இல் டென்மார்க், 1852இல் ஹாலந்து என்று மற்ற தேசங்கள் பின்தொடர்ந்தன. 1852இலேயே சிந்து மாகாணத்தில் ஒரு தலை வெளியாயிற்று. 1854 அக்டோபரில் இந்தியா முழுவதற்கும் பொதுவான தலைகள் வந்தன. கால் தோலா எடைக்குள் இருந்தால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கும் அரையணா. பெஷாவருக்கும் அதே அரையணா. கல்கத்தாவில் அச்சான அந்தத் தலையில் விக்டோரியா ராணியின் முகம்.

இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நமது காவேரிக் கழிமுகத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் வரையில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள், ஒரே கடற்கரையில், எத்தனை கொடிகள் பறந்திருக்கின்றன!

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர் வந்து இறங்கினார்கள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தபால் தலை இல்லாமல் இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்த தஞ்சாவூர்க் கடிதம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. டேனிஷ்காரர் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் தேசத்தின் முதல் தலை அச்சாக இன்னும் ஆறு வருஷம் இருந்தது. நாகப்பட்டினத்தில் 1658 முதல் இருந்த டச்சுக்காரர் 1781லேயே ஊரை இழந்தார்கள். அவர்களுக்கும் தலை அச்சிடும் யோகம் இங்கே வாய்க்கவில்லை.

தஞ்சாவூர் ராஜாங்கத்தின் கதை இன்னும் பரிதாபம். 1799இல் சரபோஜி மகாராஜா ராஜ்ய நிர்வாகத்தைக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் பட்டமும் மிஞ்சின. அவருடைய குமாரர் சிவாஜி மகாராஜா 1855இல் ஆண் வாரிசின்றிக் காலமானதும் அந்தப் பட்டமும் போயிற்று. அதாவது, இந்தியாவுக்குத் தபால் தலை வந்த மறு வருஷமே தஞ்சாவூருக்கு ராஜா இல்லாமற் போய்விட்டார்! நிலைத்து நின்ற திருவாங்கூர் சமஸ்தானமோ 1888இல் சங்கு முத்திரையுடன் தன் அஞ்சலுக்குத் தானே தலை வெளியிட்டது. கொச்சி 1892இல் வெளியிட்டது. அந்தச் சங்கு சமஸ்தான எல்லைக்குள்தான் முழங்கும். வெளியே போகிற கடிதத்துக்கு இந்தியத் தலை ஒட்டியாக வேண்டும். ஆனாலும் அது அவர்கள் சங்கு அல்லவா? பெரிய கோவில் கட்டிய தஞ்சாவூருக்கு அதுகூடக் கிட்டவில்லை.

இத்தனை பேரும் தவறவிட்ட அந்தக் காரியத்தை நம் டெல்டாவில் செய்தவர்கள் காரைக்காலிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள். 1739இல் தஞ்சாவூர் அரசரிடமிருந்து பெற்ற அந்தச் சிறு நிலம் அவர்கள் கையில் நிலைத்துவிட்டது. ஆரம்பத்தில் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தலைகளை ஒட்டினார்கள். 1892 முதல் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்துக்கும் சேர்த்துத் தனித் தலை வந்தது. 1914இல் பிரம்ம தேவனையே தலையில் ஏற்றினார்கள். அதைவிட விநோதம் 1923இல் நடந்தது. தலைகளின் விலையைப் பிரெஞ்சு நாணயத்திலிருந்து மாற்றி, 'காஷ்' 24 கொண்டது ஒரு 'ஃபனோன்', 8 ஃபனோன் கொண்டது ஒரு ரூபாய் என்று அச்சடித்தார்கள். அந்தக் காஷும் ஃபனோனும் யார்? நமது காசும் பணமுந்தான்! பாரிஸ் வரை போய்த் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தன. யுத்த காலத்தில், ஹிட்லரிடம் பணியாத 'சுதந்திரப் பிரான்ஸ்' என்ற எழுத்துக்கள் அவற்றின்மேல் குத்தப்பட்டன. 1948இல் அப்ஸரஸும் துவாரபாலகரும் விஷ்ணுவும் வந்தார்கள். நம் கத்தரிக்கோலுக்கு இரையான அப்ஸரஸ் அந்த வரிசையைச் சேர்ந்தவள்.

அதே சமயத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1947 நவம்பர் 21ந் தேதி மூவர்ணக் கொடியும் 'ஜய ஹிந்த்' என்ற சொல்லும் தாங்கிய மூன்றரையணாத் தலை வெளிவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தலை அதுவே. அதற்கு முன்பே, யுத்தத்தின் நடுவில், நேதாஜியின் ஆஸாத் ஹிந்துக்காக ஜெர்மனியில் தலைகள் அச்சிடப்பட்டிருந்தன. தபால் பையைக் காணும் பாக்கியம் அவற்றுக்கு வாய்க்கவில்லை. மண் கைக்கு வருமுன்னே அச்சான தலைகள் அவை. 1949 ஆகஸ்டு 15ந் தேதி தொடங்கிய வரிசையில் இரண்டணாத் தலையில் நடராஜர் ஆடினார். ஆக, அரசலாற்றின் மேற்கே நடராஜர், ஆறு கடலில் விழும் இடத்தில் அப்ஸரஸ். இரண்டும் நம் முன்னோரின் கை வேலைதான். ஒன்றுக்கு டில்லி உத்தரவு கொடுத்தது, மற்றொன்றுக்குப் பாரிஸ்.

இவ்வளவும் அறிந்தபோது நமக்குச் சற்றுக் கர்வங்கூட உண்டாயிற்று. நம்மைப் போன்ற ஒரு பையன் கத்தரித்த தலையில் இத்தனை ராஜ்யங்களின் கதை இருக்கிறதே என்ற கர்வம். தாத்தாவின் கேள்வி அடியோடு மறந்துபோயிற்று.

சென்ற வருஷம் ஆடி மாதம் கிராமத்து வீட்டை ஒழிக்கப் போயிருந்தோம். பரணிலிருந்த தகரப் பெட்டியில், கம்பியிலிருந்து கழற்றிய கார்டுகள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பி குத்திய துவாரம். ஒன்றில் மட்டும் மூலையும் இல்லை. அத்தைப் பாட்டியின் உருண்டையான கையெழுத்து. முதன்முறையாக அதைப் படித்தோம்.

"அண்ணா அவர்களுக்கு நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்கு நான் குழந்தைகளுடன்" என்று ஒரு வரி வெட்டுப்பட்டு நிற்கிறது. அடுத்த வரி, "வருகிறேன். எனக்கும் ஒரு காதோலை கருகமணி வாங்கி வைக்கச் சொல்லவும்" என்று தொடங்குகிறது.

'நான் குழந்தைகளுடன் வருகிறேன்.' நடுவில் எதுவும் விட்டுப்போனதாகவே தோன்றவில்லை. ஆனால் மூலையில் இரண்டு சொல்லுக்கு இடம் இருந்தது. ஆல்பத்தை எடுத்து, கொதிக்கும் நீரின் ஆவியில் பிடித்து, அந்த மூலையை மெள்ளப் பிரித்தோம். பசையோடு மை ஆல்பத்துக் காகிதத்திலேயே தங்கிவிட்டது. எழுத்துக்கள் இடம் வலமாக இருந்தன. கண்ணாடியைக் காட்டிப் படித்தோம். "சீட்டுக் கிடைத்தால்" என்று இருந்தது.

தலையின்மேல் விழுந்திருந்த முத்திரையை அப்போதுதான் உற்றுப் பார்த்தோம். காரைக்கால், 1954, ஜூலை.

பிரெஞ்சுக்காரரை வெளியேற்றுவதற்காக நமது சர்க்கார் எல்லைக் கட்டுப்பாடுகளை இறுக்கியிருந்த வருஷம் அது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். காரியம் நியாயமானதுதான், பலனும் கிடைத்தது. அக்டோபர் 18ந் தேதி கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர ஒப்புக்கொண்டார்கள். நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16ந் தேதி சட்டபூர்வமான உரிமையும் வந்து சேர்ந்தது. ஆனால் ஆடிப் பெருக்கு நவம்பர் வரை காத்திருப்பதில்லையே! அண்ணன் வீட்டுப் படித்துறையைத் தொட்டுவிட்டு வந்த தண்ணீர் தங்கையின் ஊருக்குச் சீட்டில்லாமல் போயிற்று. தங்கை அந்தத் தண்ணீருக்கு எதிர்த் திசையில் வரச் சீட்டுக்குக் காத்திருந்தார்.

அந்த வருஷம் அத்தைப் பாட்டி வந்தாரா? காதோலையும் கருகமணியும் ஆற்றில் விட்டாரா? சொல்லக்கூடியவர் ஒருவரும் இப்போது இல்லை. தாத்தா இருந்தபோது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவேயில்லை. நாம் முன்பக்கத்து அப்ஸரஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தபால் தலை சேர்ப்பதில் தேர்ந்தவர்கள் ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்வார்கள்: பழைய கடிதத்திலிருந்து தலையைப் பிரிக்காதே, உறையோடு வைத்துக்கொள் என்பார்கள். புறப்பட்ட ஊர், போன வழி, சேர்ந்த தேதி எல்லாம் உறையில்தான் இருக்கின்றன. விலை அதிகம் என்பதற்காக அவர்கள் சொல்லலாம். நமக்கு வேறு காரணம் தெரிந்திருக்கிறது. அந்த மண்ணை ஆண்டவர் யார் என்பதைத் தலையின் முன்பக்கம் சொல்கிறது. ஆளப்பட்டவர்கள் அன்று பட்ட பாடு கடிதத்தில் இருக்கிறது. நேயர்கள் வீட்டிலும் பரணில் ஒரு பெட்டி இருக்கலாம். கத்தரிக்கோலோடு ஒரு பேரப்பிள்ளையும் இருக்கலாம். அந்தக் கார்டுகளை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். அதன் பிறகு அவனுக்கே கத்தரிக்க மனம் வராது.

தஞ்சாவூருக்கு ஒரு தலை கிடைக்கவில்லை என்று குறைப்பட்டோம் அல்லவா? 2010இல் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக இந்தியத் தபால் இலாகா தலை வெளியிட்டு அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. காரைக்கால் இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. பக்கத்திலுள்ள தரங்கம்பாடியும் மயிலாடுதுறையும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. ஆனால் 1972இல் வந்த பின்கோடு இந்த எல்லைகளைப் பார்க்கவில்லை. டேனிஷ்காரரின் தரங்கம்பாடிக்கும், பிரெஞ்சுக்காரரின் காரைக்காலுக்கும், மயிலாடுதுறைக்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றே: 609.

அத்தைப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் காரைக்காலில் இருக்கிறார்கள். இந்த ஆடியில் அவர்களுக்கு ஒரு கார்டு எழுதினோம். "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்குக் குழந்தைகளுடன் அவசியம் வரவும். காதோலை கருகமணி வாங்கி வைத்திருக்கிறோம்" என்று எழுதி, 609 என்று தொடங்கும் எண்ணைப் போட்டுத் தபாலில் சேர்த்தோம். சீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டியிருக்கவில்லை.